டெக்சாஸில இருந்து வந்த அக்கா

...ஐஸ்! எதுக்கெடுத்தாலும் ஐஸ், தம்பி. பச்சைத்தண்ணிக்கும் ஐஸ், கோக்குக்கும் ஐஸ். எங்கட குளிர் காணாதோ அவைக்கு? இருங்கோ, இந்தப் பையைத் தள்ளி வைக்கிறன். ஓம், ஆட்டிறைச்சிக் கறிதான். மணக்குதோ? ரெயின் சூரிச் எயார்போட் போய்ச் சேருமட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஆர் வந்தவை எண்டு சொல்லேல்லை என்ன? என்ர அக்கா. ஒரே அக்கா. அம்மா செத்தாப்பிறகு எனக்குச் சோறூட்டினவ. அத்தானோட டெக்சாஸில இருக்கிறா. இந்தக் கிழமை முழுக்க லுசேர்ணில, எங்கட வீட்டில நிக்கிறதெண்டுதான் கதை. சனிக்கிழமை பின்னேரமே ஹொட்டலுக்குப் போயிட்டா. இண்டைக்குப் பிளைட்.

அந்த அத்தான் இருக்கிறாரே... ஐயோ! ரெஸ்ரோறண்டில தண்ணிக்குக் காசு கேட்டவையாம், அநியாயமாம். "எங்கட நாட்டில சும்மா ஊத்தி ஊத்தித் தருவினம்" எண்டு. உங்கட நாட்டில டிப்ஸ் எண்டு கழுத்தில கத்தி வைக்கினமே, அது என்ன? நான் கேக்கேல்லை, தம்பி. மனசுக்குள்ளதான். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

ஃபொன்டு வைச்சன். உருக்கின சீஸில பாணைத் தோய்ச்சுச் சாப்பிடுறது. அதோட குளிராக் குடிச்சால் சீஸ் வயித்துக்க கல்லாகும் எண்டு இஞ்சத்தைச் சுவிஸ் சனம் சொல்லுறது. அத்தானுக்கு ஐஸ் போட்ட கோக் வேணுமாம். நான் சுடு தேத்தண்ணி குடுத்தன். முகத்தைப் பாத்திருக்கோணும்! பேந்து கேக்கிறார், "சாப்பாடு இனித்தானோ வரும்?" எண்டு. அங்க கோப்பை வழியாட்டில் அது சாப்பாடில்லை. மிச்சத்தைப் பெட்டியில கட்டிக்கொண்டுபோய் வீட்டுக் குப்பையில போடுவினம். இஞ்ச எல்லாம் அளவு. மிச்சமில்லை, சண்டையில்லை.

என்ன? அப்ப ஏன் சண்டை வந்ததோ?

சனிக்கிழமை எங்கட வளவில கிரில் போட்டனாங்கள். என்னோட ஹொட்டலில உடுப்புத் தோய்க்கிற சனம் எல்லாம் வந்தது. இஞ்சத்தைப் பழக்கம் தெரியும்தானே? சலாட்டும் பாணும் வீட்டுக்காரர் பாடு, இறைச்சி அவரவர் கொண்டுவாறது. ஆற்ற வீட்டுக்கும் நான் என்ர சொசேஜோடதான் போறனான். அதுதான் வாட்ஸ்அப்பில எல்லாருக்கும் போட்டன். அக்காவுக்கும்தான்.

"உங்கட இறைச்சியை நீங்களே கொண்டு வாங்கோ" எண்டு.

என்ன தம்பி, யன்னலைப் பாக்கிறியள்?

ஓம், அக்கா எங்கட மேல் அறையிலதான் நிண்டவ.

கீழ இறங்கி வந்தா. எல்லாரும் தங்கட தங்கட துண்டைச் சுட்டுத் திண்டினம். அக்கா சலாட் சாப்பிட்டா. நான் பக்கத்தில இருந்து என்ர சொசேஜைச் சாப்பிட்டன். நல்லாத்தான் இருந்தது. இருட்ட முதல் சூட்கேஸ் இறங்கிச்சு. அத்தானுக்கு ஐஸ் குடுக்காத கோவம் எண்டெல்லோ நான் நினைச்சன்! நேற்று மகள் சரணியா அந்த மெசேஜைப் பாத்திட்டு, "அம்மா, பெரியம்மாவுக்குமோ?" எண்டு கேட்டவ. இஞ்ச பிறந்த பிள்ளை கேக்குது...

பொறுங்கோ, போன். அக்காவாய்த்தான் இருக்கும். "வழியனுப்ப வாறன், கறி கொண்டுவாறன்" எண்டு காலமை போட்டனான். கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், ஒருக்கா வாசியுங்கோ... ஏன் சிரிக்கிறியள்? சத்தமாய் வாசியுங்கோ.

"வா. உன்ர கறியை நீயே கொண்டுவந்து நீயே சாப்பிடு. நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்."

...முதல்ல "வா" எண்டுதானே இருக்கு? வடிவாப் பாருங்கோ, தம்பி. திருப்பி ஒருக்கா வாசியுங்கோ.