இடப்பக்கம் போகச் சொன்ன வெளிச்சம்

விடிய நாலு ஐம்பது. கந்தளாய் தாண்டிக் காட்டோரமாகப் போகிற ஒரு கிரவல் பாதை. வீடில்லை, கடையில்லை. ஃபோன் கோபுரத்தின் சிவப்பு விளக்குக்கூட மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அந்தப் பாதையில் தனியாக ஒரு ஜீப். ஓட்டிப் போனது நஸ்ரியின் சாச்சி, சின்னம்மா முறை, சனூஸா.

நஸ்ரி இங்கேதான் இருக்கிறான். நான் கூட்டிச் சொன்னால் மறிப்பான்.

நாளைக்கு யானை பார்க்க மின்னேரியாவா, கவுடுல்லவா, வஸ்கமுவவா என்று ஒரு மணித்தியாலமாக அடிபடுகிறீர்கள். ஃபோனில் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்கிற காரியமில்லை அது. எப்படித் தெரிவு செய்வது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்ட வாருங்கள்... இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

யானையைத் தேடக் கூடாது. புல்லைத் தேட வேண்டும். வெயில் காலத்தில் வயலுக்குத் தண்ணீர் திறக்கத் திறக்கக் குளம் சுருங்கும். தண்ணீர் விலகிய ஈரச் சேற்றில் பத்து நாளில் இளம்புல் எழும். இரவில் யானைகள் அங்கே இறங்கும். வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குத் திரும்பிவிடும். இடையில் வாய்க்கால் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் புல் மூழ்கும், யானை அடுத்த குளத்துக்கு நடந்துவிடும். அதனால் போன கிழமை நூறு யானை நின்ற இடத்தில் இந்தக் கிழமை கொக்குத்தான் நிற்கும்.

ஜீப்காரர்கள் இதற்கென்றே ஃபோனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். முதலில் போய்ச் சேருகிறவர் யானைகளை வாய்விட்டு எண்ணி, குரலைப் பதிந்து அனுப்புவார். மற்றவர்கள் கேட்டுவிட்டு ஜீப்பைத் திருப்புவார்கள்.

“பேய்க் கதை எண்டீங்களே, அப்ப பேய் எங்க?” என்று அம்ரா கேட்கிறாள். பொறு. பாதை பிரிகிற இடத்தில் நிற்கிறது.

சனூஸாவின் கணவர் முனீப் காய்ச்சலில் மவுத்தானார். இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த அடுத்த நாளே அவருடைய ஜீப்பை அவள் எடுத்தாள். முனீபின் காக்கா, மூத்தவர் ஸெய்னுதீனுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

“மூணு மாசம் பார்ப்பம்,” என்றார். “பாதி வழியில பயந்து திரும்பினாலும் சரி, வந்தவங்க யானை காணாமப் போனாலும் சரி, ஜீப்புத் திறப்பை என்ட கையில தந்திரோணும்.”

“ஓம், தாறன்,” என்றாள் சனூஸா. “அதுவரைக்கும் திறப்புப் பக்கம் நீங்க பார்க்கவும் கூடா.”

நான் சொல்லும் காலை, அந்த மூன்று மாதத்தின் கடைசி நாள். அவள் ஒரு தடவையும் திரும்பவில்லை. ஒருவரும் யானை காணாமல் போகவில்லை.

இப்போது அந்தப் பிரிவு. இடப்பக்கம் போனால் பெரிய பூங்கா. பெயர் சொல்ல மாட்டேன். வலப்பக்கம் போனால் பூங்காவுக்கு வெளியே ஒரு சின்னக் குளம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலை மரம். விடியுமுன் அந்த மரத்தடியில் ஒருவர் நின்று டோர்ச்சை இடப்பக்கமாக வீசுவார். மூன்று தரம். எல்லா ஜீப்பும் இடப்பக்கம் போகும். வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் முகத்தை ஒருவரும் கண்டதில்லை. யாரோ வயல் காவல்காரர், தன் பக்கம் யானையைக் கலைக்க வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒன்பது வருடம் அப்படியே போனது.

சனூஸா ஒரு பகலில் போய்ப் பார்த்தாள். வயலே இல்லை. காவற்குடில் இல்லை. இடுப்பளவு பற்றை.

ஜீப் தரிப்பிடத்தில் சொன்னபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

“ராத்தா, அதெல்லாம் கிளறாதீங்க,” என்றான் ரிஷாத் என்ற சாரதி. “அவர் காட்டுற பக்கம் போங்க. வேலை முடிஞ்சிது.”

அன்றைக்கு ஜீப்பில் இரண்டு பயணிகள்தான். சாம்பல்தீவிலிருந்து தயாவும் அவர் மனைவி துசானியும். முதல் நாள் மாலைக் குரற்பதிவுகளைச் சனூஸா கேட்டிருந்தாள். பெரிய குளத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. முதலை ஒன்றைத் தவிர எதுவுமில்லை. ஆனால் சின்னக் குளத்தில் மதகு திறந்து பதினொரு நாள். அதாவது புல் ஒரு சாண் உயரம். யானை வலப்பக்கந்தான் நிற்கும். கணக்கு அவ்வளவு நேர்.

பிரிவு வந்தது. சில்வண்டுச் சத்தம் நின்றது... குறைந்து நிற்கவில்லை, ஒரேயடியாக நின்றது. மண்ணெண்ணெய் எரிந்த மணம். அதனடியில் பழைய சேற்று மணம்.

வெளிச்சம். இடப்பக்கம் ஒன்று. இரண்டு. மூன்று.

“அக்கா, ஆரோ அங்கால போகவேண்டாமெண்டு காட்டுகினம்,” என்றார் தயா.

சனூஸா ஜீப்பை நிறுத்தினாள். முன்விளக்கை உயர்த்தி நேரே மரத்தில் அடித்தாள். ஒன்பது வருடத்தில் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

பாலை மரத்தின் பட்டை தெரிந்தது. பட்டையில் ஊர்ந்த முசுற்றெறும்பு தெரிந்தது. மரத்துக்கு முன்னால், நெஞ்சு உயரத்தில், டோர்ச்சின் வட்டமும் தெரிந்தது. பிடித்திருந்த கை... இல்லை.

துசானி கணவரின் தோளைப் பற்றிக்கொண்டாள். “திரும்புவமே அக்கா?”

சனூஸா கண்ணாடியை இறக்கினாள்.

“ஒன்பது வருஷமா எல்லாரும் உங்கட சொல்லைக் கேட்டாச்சு,” என்றாள். “நான் புல்லைப் பார்த்து வந்தனான். இண்டைக்கு நான் திரும்ப ஏலாது. விலகுங்க.”

வெளிச்சம் நாலாம் தரமும் இடப்பக்கம் வீசியது. மெதுவாக.

அவள் கியரைப் போட்டு ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். வட்டம் பொனட்டில் ஏறியது. கண்ணாடியைக் கடந்தது. மூன்று பேருடைய மடியிலும் ஊர்ந்து பின்னால் போய் அணைந்தது.

அப்போது ஜீப் பின்பக்கமாகத் தாழ்ந்தது. இதை விளங்கிக்கொள்ளுங்கள். அந்த ஜீப்பின் பட்டை ஸ்ப்ரிங் பழையது. கல்லில் ஏறினால் தூக்கித் தூக்கிப் போடும். ஆள் ஏறினால் அப்படியில்லை. ஒரு தரம் கிரீச்சென்று அமர்ந்து, அமர்ந்தபடியே இருக்கும். பதின்மூன்று வருடமாக அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியும்.

பின்னால் பார்க்கவில்லை. இரண்டாம் கியரைப் போட்டாள்.

குளத்தில் விடிவெளிச்சம் பரவியபோது அவர்கள் அங்கே நின்றார்கள். யானை... குளக்கட்டிலிருந்து மறுகரை வரைக்கும் யானை. குட்டிகள் தாயின் காலுக்குள். புல்லைக் காலால் தட்டிப் பிடுங்கி, மண்ணை உதறி உதறித் தின்கிற சத்தம். துசானி அழுதேவிட்டாள். சனூஸா ஃபோனை வாயருகில் பிடித்து எண்ணினாள். முப்பத்தேழு. குழுவுக்கு அனுப்பினாள்.

மத்தியானம் தரிப்பிடத்துக்கு வந்தபோது ஸெய்னுதீன் நின்றார். கையில் ஃபோன். முகம் வெளிறியிருந்தது.

“ஜீப்பில எத்தனை பேர் போனீங்க?”

“என்னோட மூணு பேர்.”

அவர் பதிவைப் போட்டார். சனூஸாவின் குரல் முப்பத்தேழில் நின்றது. பிறகு புல் பிடுங்கும் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், ஃபோனுக்கு மிகக் கிட்ட, அவசரமில்லாமல்.

“முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாப்பது...”

சின்ன இடைவெளி.

“நாப்பத்தொண்டு.”

தான் வாயே திறக்கவில்லை என்று தயா பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார்.

ஸெய்னுதீன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். “திறப்பை நீயே வச்சுக்க,” என்றார். “எனக்கு அந்த ஜீப் வேணாம்.”

“நீங்க தந்ததா ஊருக்குள்ள கதைக்கக் கூடா, காக்கா,” என்றாள் சனூஸா. “நான் வச்சிருந்தது. நான் வச்சிருக்கிறன்.”

அதற்குப் பிறகு பாலை மரத்தடியில் வெளிச்சத்தை ஒருவரும் காணவில்லை. சனூஸா புல் சொல்லும் பக்கம் போகிறாள். வலப்பக்கமென்றால் வலப்பக்கம். ஒரு நாளும் யானை தவறியதில்லை. மற்றச் சாரதிகள் அவள் பதிவைக் கேட்கிறார்கள். ஆனால் அவள் குரல் நின்றதும் அவசரமாக நிறுத்திவிடுகிறார்கள். நஸ்ரி மட்டும் முழுவதும் கேட்பான்.

போன கிழமை பயணிகள் இல்லை. மழைக்குப் பிறகு பாதை எப்படியென்று பார்க்க அவள் தனியாகப் போனாள். அந்தப் பதிவை நஸ்ரி நேற்று எனக்குப் போட்டுக் காட்டினான். பன்னிரண்டு யானை எண்ணுகிறாள். நிறுத்துகிறாள். பிறகு அந்தக் குரல். பதின்மூன்று. அது சனூஸா என்று வைத்துக்கொள்வோம். பதினாலு... பதினைந்து... பதினாறு... குரல் ஜீப்புக்குள் ஒவ்வொரு இருக்கையாக நகருவது தெரிகிறது. இருபத்தொன்றில் நின்றது.

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும்.

பிறகு சனூஸாவின் குரல். நடுக்கமில்லை. பின்னால் இருப்பவர்களிடம் சொல்கிற தொனி.

“எல்லாரும் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கங்க. இனிக் குலுங்கும்.”