கொக்கின் இன்னொரு கால்

தலைமை தாங்கி, என்னைப் பேசவிட்டுவிட்டு இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கும் சங்கத் தலைவர் அவர்களே! மேடையில் நிற்கும் என்னைவிடக் கண்ணாடிப் பேழையில் இருக்கும் காசுகளையே கவனிக்கும் பெரியோர்களே! வீட்டுச் செலவுக்குக் காசு கேட்டால் கைவிரிப்பவர்கள், காசு சேர்க்கக் காசைக் கொட்டுவதைக் கண்டும் காணாமல் பொறுத்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், முழுக்கைச் சட்டையில், முறைத்தபடி அமர்ந்திருக்கும் என் வீட்டுக்காரரே! அனைவருக்கும் என் வணக்கம்.

உங்கள் சங்கத்தின் புதிய நாணயக் கையேட்டை வெளியிட என்னை அழைத்தீர்கள். நாணயச்சாலையில் முப்பது ஆண்டுகள் அச்சுக்கு மெருகிட்டு ஓய்வு பெற்றவள் நான்.

கடைவீதியில் புழங்கும் காசு வேறு. நீங்கள் பெட்டியில் பூட்டிவைக்கும் ப்ரூஃப் செட் வேறு. புழங்கும் காசுக்கு ஒரே அடி. பிழைத்துக்கொள் என்று சாக்கில் தள்ளிவிடுவோம். ப்ரூஃப் காசுக்கோ, பொறுக்கி எடுத்த வெற்று வெள்ளி வில்லை, புதிதாய் மெருகிட்ட அச்சு, நிறுத்தி நிதானமாய் இரண்டு அடி! உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைத் தரை என்போம்; அது முகம் பார்க்கும் கண்ணாடியாகும். உருவம் வெள்ளை வெளேரென எழும்பும். வைரத்தூள் பசையும் மரக்குச்சியுமாக அந்தத் தரையை அச்சில் வரவழைத்தது யார்? நான்! அந்த அச்சை வில்லையில் இறக்கியது யார்? அதோ, அந்த முழுக்கைச் சட்டை! தட்டுங்கள் கையை, தகும்.

இனி கொக்குக்கு வருகிறேன். என்ன, பின்வரிசையில் சிரிப்பு? 'ஒற்றைக்கால் கொக்கு' என்றால் நீங்கள் உயிரை விடுவது எனக்குத் தெரியாதா? வெள்ளிக் காசில் இரண்டு கால் ஊன்றி நிற்க வேண்டிய கொக்கு, ஒரு காலில் நின்றது. பரிசோதனை அறையில் நான்கு பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொக்கு ஒற்றைக்காலில் நிற்பது உலக வழக்கம்தானே! ஐம்பது செட் வெளியே போனபின், படம் வரைந்த ஓவியர் வந்து கேட்டார்: "என் கொக்கோட இன்னொரு கால் எங்கேய்யா?"

"அடி சரியா விழல, அதான் கால் எழும்பல" என்று தீர்ப்புச் சொன்னார் மேலாளர். பிரஸ் இயக்கியவரை அன்றே ப்ரூஃப் அறையிலிருந்து எடுத்து, சாக்கு தைக்கும் இடத்துக்கு அனுப்பினார். அவர் போய்ச் சாக்கு தைத்தார். என்னிடம் மட்டும், "என் கையே என்னை ஏமாத்திடுச்சும்மா" என்றார். அந்தக் காசை அதன்பின் அவர் பார்த்ததே இல்லை. இன்று இந்தப் பேழையில் இருக்கிறது. அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

உங்கள் கையேடும் அதையே அச்சடித்திருக்கிறது: 'பிரஸ் இயக்கியவரின் அசட்டையால் நேர்ந்த பிழை.' அசட்டையா? அந்த மனிதருக்கா?

லென்ஸ் வைத்திருப்பவர்களே, பேழைக்குப் போங்கள்! காலைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அடி தளர்ந்தால் விளிம்பும் மழுங்கும். மழுங்கியிருக்கிறதா? சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா!

"இல்லம்மா, கத்தி மாதிரி இருக்கு!"

கேட்டீர்களா? அடி முழுதாக விழுந்திருக்கிறது. அச்சிலேயே கால் இல்லை! அச்சில் உருவம் குழி, தரை மேடு. மேட்டை அளவுக்கு மீறித் தேய்த்தால் மெல்லிய குழி மறைந்துபோகும். தேய்த்தவள் யார்? நான். அச்சைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் யார்? நான். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தானே என்று வாயை மூடிக்கொண்டவள் யார்? நான்தான்!

"அதுக்குப் பரிகாரமாத்தான் அவரைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று ஒரு தாய் கேட்கிறார். இல்லை அம்மா, பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். பிடித்தவரை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் பிறகும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். சொல்லுங்கள்.

"இருபத்தேழு வருஷம்... தினம் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டியே?"

ஆமாம், சாப்பிட்டேன். வீட்டில் சொல்லியிருந்தால் நாலு நாள் சண்டையோடு முடிந்திருக்கும். சபையில் போன பெயர் சபையில்தான் திரும்ப வேண்டும்!

தலைவர் அவர்களே, பேனாவைக் கொடுங்கள். அந்த வரி இருக்கும்வரை இந்த நூலை நான் வெளியிட மாட்டேன். தலையாட்டிவிட்டார், வாழ்க! இதோ அடிக்கிறேன். இதோ எழுதுகிறேன்: 'அச்சுக்கு மெருகிட்டவளின் பிழை. பிரஸ் இயக்கிய கையில் குறையில்லை.' முதல் பிரதியைப் பெற இருந்த நகைக்கடை முதலாளி என்னை மன்னிக்க வேண்டும், இது என் வீட்டுக்காரருக்கு.

வாருங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே வாருங்கள். வருகிறார்... இல்லை, பேழைப் பக்கம் திரும்பிவிட்டார். யாராவது அவருக்கு ஒரு லென்ஸ் கொடுங்கள்!

நன்றாகப் பாருங்கள். அது உங்கள் அடி.

அவர் பார்த்து முடிக்கட்டும்; புத்தகத்தோடு நான் இங்கேயே நிற்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.