ஷூ அலமாரியில் முப்பத்தெட்டு பேர்

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு பத்துக்குத் தொடங்கும். ஏழு மணி என்று வைத்தால் யாராவது ஏழு ஐந்துக்கு வந்து மன்னிப்புக் கேட்பார்கள். ஏழு பத்து என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்து எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். மூன்று வருடங்களில் நான் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். மற்றவற்றுக்கு நீங்கள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

டிவியில் பொருத்தி ஆடும் அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டியின் இணையச் சேவையைக் கம்பெனி நிறுத்தியபோது அதற்கு உயிர் கொடுத்தவர்கள் நீங்கள். சம்பளமில்லாமல் உட்கார்ந்து புதிய சர்வர் நிரலை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தீர்கள். நான் எடுத்துக்கொண்டேன். சோப்புப் பெட்டி அளவில் ஒரு சிறு கணினி வாங்கி, வாசலருகே ஷூ அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். விளையாடுகிறவர்கள் தங்கள் பெட்டியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். எந்த ஊரிலிருந்தாலும் என் ஷூ அலமாரிக்கு வந்துவிடலாம்.

நடப்பில் இருக்கும் சர்வர்களை நீங்கள் பட்டியலிட்டபோது என்னுடையது முதலிடத்தில் இருந்தது. ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் முப்பத்தொன்பது பேர். எப்படி முடிகிறது என்று கேட்டுப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணில் ஒரு திருத்தம் இருக்கிறது.

என் வேலை தராசுகளைச் சோதிப்பது. கடைகடையாக எடைக்கற்களோடு போவேன். ஒரு கிராம் வித்தியாசம் இருந்தாலும் முத்திரை போடமாட்டேன். கடைக்காரர்கள் கெஞ்சுவார்கள். "சார், ஒரு கிராம்தானே சார், யாருக்குத் தெரியப்போகுது?" தராசுக்குத் தெரியும் என்பேன். வேலையில் என் பெயர் அதனால் கொஞ்சம் கெட்டிருக்கிறது.

அக்கா, காது கேட்கும் கருவி பொருத்துகிறவள். அத்தான் வேறு வாழ்க்கை பார்த்துக்கொண்டு போன பிறகு ஒரு சூட்கேசுடன் என் வீட்டுக்கு வந்தாள். நான் வெளியே போய்விட்டு ஆறரைக்குத் திரும்பினால் கூடத்தில் விளக்கு எரியும். அது ஒரு வசதி, அவ்வளவுதான். சின்ன வயதில் இருட்டு வீட்டுக்குள் போகமாட்டேன் என்று நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பேன் என்பாள். எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை.

முதல் நான்கு மாதம் அவள் யாரிடமும் பேசவில்லை. பிறகு என் பழைய பெட்டியில் சரக்கு வேன் ஓட்டும் அந்தப் பந்தயத்தைக் கண்டுபிடித்தாள். பெட்டிகளைக் கீழே சிந்தாமல் மூன்று சுற்று ஓட்டவேண்டும். கூட ஓட்டியவர்கள் முகம் தெரியாதவர்கள். மழைக்கோட்டு, ரெண்டாங்கியர், பல்செட்டு, ஹார்ன் என்று பட்டப்பெயர்கள். தேவை இருக்கிறதோ இல்லையோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பவன் ஹார்ன். எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இடித்தால் திட்டுவாள், ஜெயித்தால் சீண்டுவாள், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் விசாரிப்பாள். சேவை நின்றதும் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். அதனால்தான் உங்கள் நிரலை எடுத்தேன். இதில் தவறு இருப்பதாக நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து என் சர்வரின் எண்ணைக் கொடுத்தேன். முப்பத்தெட்டு பேரும் வந்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காக வந்தார்கள். பிறகு மனிதர்கள் எதிலும் செய்வதைச் செய்தார்கள்; ஒவ்வொருவராக நின்றார்கள்.

முதலில் நின்றது மழைக்கோட்டு. அவருக்கு வேலை நேரம் மாறியது. அக்கா கேட்டாள், "மழைக்கோட்டு ஏண்டா வரல? உடம்பு கிடம்பு சரியில்லையா?" மூன்று முறை கேட்டாள். அடுத்த வாரம் மழைக்கோட்டு வந்தார். அவருடைய பழைய ஓட்டங்கள் எல்லாம் சர்வரில் பதிவாகியிருந்தன. எந்த வளைவில் தடுமாறுவார், எப்போது பெட்டி சிந்துவார் என்று எல்லாம். அதைப் பார்த்து ஓட்டவும், அவர் முன்பு எழுதியவற்றை வெட்டி ஒட்டிப் பேசவும் ஒரு நிரல் எழுதினேன். ஒரே ஒரு வாரத்துக்கு என்றுதான் நினைத்தேன்.

ஒருவரைச் செய்துவிட்டால் அடுத்தவருக்குப் பாதி உழைப்புதான். ஒன்றரை வருடத்தில் முப்பத்தேழு பேரை முடித்துவிட்டேன். உண்மையானவர்களைவிடத் தங்கமானவர்கள். கடன் கேட்பதில்லை, கோபித்துக்கொண்டு பாதியில் போவதில்லை. பல்செட்டுக்கு அக்காவின் பிறந்தநாள்கூட நினைவிருந்தது.

அசலாக மிஞ்சியவன் ஹார்ன் ஒருவன். ஒரு நாள் எனக்குத் தனியாக எழுதினான்: "அண்ணே, ரெண்டாங்கியரை நேத்து சந்தையில பாத்தேன். அவர் இந்தப் பெட்டியை வித்து ஒரு வருஷம் ஆச்சாம். அப்போ நம்ம கூட ஓட்டுறது யாரு?"

நல்ல கேள்வி. அவனை வெளியேற்றி வாசலைச் சாத்தினேன். அந்த ஞாயிறு ஏழு பத்துக்கு ஹார்ன் வந்தான், வழக்கம்போல ஹார்ன் அடித்தான். அசல் ஹார்ன் பதினோரு கடிதம் எழுதினான். அக்காவுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்பதே எல்லாவற்றிலும். நான் பதில் போடவில்லை. பண்பில்லாதவன் என்று நினைத்திருப்பான்.

சென்ற வருடம் அக்காவின் கம்பெனி வேறு ஊரில் ஒரு கிளை திறந்தது. அதற்கு அவளைத் தலைமையாகப் போகச் சொன்னார்கள். பத்து நாளில் பதில் வேண்டும். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

"போலாமாடா?" என்று என்னிடம் கேட்டாள்.

"உன் இஷ்டம்க்கா. நான் என்ன சொல்ல?" என்றேன். நான் யாரையும் வற்புறுத்துகிறவன் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பந்தயக்காரர்களிடம் கேட்டாள். முப்பத்தெட்டு பேரும் போகாதே என்றால் நம்பமாட்டாள். ஆகவே முப்பத்தொரு பேர் போகச் சொன்னார்கள். ஆறு பேர் யோசித்துச் செய்யுங்கள் என்றார்கள். ஹார்ன் ஒருவன் மட்டும் கடைசியில் எழுதினான். நான்கு வரி. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். மறுநாள் வேலையை மறுத்து எழுதினாள். அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர் அந்தக் கிளைக்குப் போனார். அங்கே இப்போது அவர் நன்றாக இருக்கிறாராம்.

நிரல் அதன் வேலையைச் செய்தது. பழைய சொற்களைக் கோத்தது. நான் தராசைப் போல நடுவில் நின்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றார்.

"உங்க வீட்ல நெட் வருதா?"

"வருதே," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "எல்லாரும் வந்திருக்காங்களே."

"அதெப்படி? ரோட்டைத் தோண்டுறேன்னு காலைலயே கேபிளை அறுத்துட்டாங்க. தெருவுக்கே இல்ல. எம்பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணித் திட்டிட்டா அவங்கள."

"அப்படியா," என்றாள் அக்கா.

தையல்காரம்மா போய்விட்டார். அக்கா எழுந்து மோடத்தைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு. வெளியிலிருந்து வரும் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். திரையில் ஹார்ன் அடித்துக்கொண்டே மூன்றாவது வளைவைத் திரும்பினான். மழைக்கோட்டு இரண்டு பெட்டி சிந்தி மன்னிப்புக் கேட்டார்.

முப்பத்தெட்டு பேருக்கும் வெளி வயர் தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். கேபிள் அறுந்தால் வராமல் இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு கிராமைப் பார்க்கிறவன் இதைப் பார்க்கத் தவறினேன்.

அக்கா உட்கார்ந்து பந்தயத்தை முடித்தாள். நான்காவதாக வந்தாள். முப்பத்தெட்டு பேரும் கைதட்டினார்கள். பிறகு ஷூ அலமாரியைத் திறந்து, அந்தச் சிறு கணினியைப் பார்த்துவிட்டு, மூடினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்கோட்டிலிருந்து தொடங்கி வரிசையாக, இப்போது உங்களிடம் சொன்னது போலவே. அவளுக்காகத்தான் என்றேன். அவள் கடைசிவரை கேட்டாள். காது சரியில்லாதவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுப் பழகியவள்.

அந்தக் கூட்டத்தில் அசலாக இருந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே திருத்தம் இது: முப்பத்தொன்பது அல்ல, ஒன்று. பட்டியலில் மாற்றிவிடுங்கள். அசல் ஹார்னின் முகவரியை அவளிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் நிரலில் குறை எதுவும் இல்லை.

நாளைக் காலை அவள் கிளம்புகிறாள். தோழி ஒருத்தியின் வீட்டில் தங்கி வேறு வேலை தேடப்போகிறாளாம். அதே சூட்கேஸ். இன்று அதை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் ஒன்று கேட்டாள்.

"மிஷின்தான் பேசுச்சுன்னு சொல்ற, சரி. 'நீங்க போயிட்டா விளக்கு எரியாத வீட்டுக்குள்ள நான் எப்படிக்கா போவேன்'னு ஹார்ன் எழுதினானே, அது யாரோட பழைய வார்த்தைடா?"