மேழியைத் தொட்ட பெண்

எருமப்பட்டியில், யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியால் ஓடிய பஸ்ஸின் அடுப்பு சூடேறக் காத்திருந்தோம். முன்சீட்டு இளையவள், பக்கத்திலிருந்த மூத்தவளிடம் உரக்கச் சொன்னாள்: "எம்பட புள்ள ஏரு ஓட்டறாளுங்கக்கா!"

"பொட்டப்புள்ளயா?"

"அவங்கப்பன் தவறிப் போனதும் மிஷன் பள்ளிக்கூடத்துல உட்டனுங்க. அங்க வெவசாயஞ் சொல்லித் தர்ற வெள்ளக்காரம்மாளுக்கு நம்ம வழக்கந் தெரியாதுங்க. பசங்களோட சேத்து இவகிட்டயும் கலப்ப மேழியப் புடிக்கக் குடுத்துப்போட்டாங்க!"

"அய்யோ, பொம்பள மேழி தொட்டா மழ பேயாதே அம்மிணி!"

"உழுத மூணா நாளே ஊத்து ஊத்துன்னு ஊத்திருச்சுங்க! கம்பு இடுப்பு ஒசரம் நிக்குதுங்க!"

பஸ் கிளம்பியது. நாமக்கல் மலை தெரிந்ததும் மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்தாள்.

"எங்கூட்டுலயும் ஆம்பள இல்ல. காடு உழாமக் கெடக்குது. அந்தப் புள்ளய ஒருநா அனுப்பி வெக்கிறியா, சாமி?"