பதினான்காம் கேமரா, மூன்றாம் நிலை

அன்று மாலை ஷிப்டில், ஒரகடம் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் இருந்தவர்கள்: அடுப்பு ஆபரேட்டர் ரத்தினம், பாகங்களைக் கொக்கியில் மாட்டும் இசக்கிபாண்டி, இருந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்த சூப்பர்வைசர் தணிகாசலம். மாடியில் கண்காணிப்பு அறையில் முப்பத்திரண்டு கேமராக்களுடன் நான், மாசானம். அந்த அறையில் ஏசி நன்றாக இருக்கும் சார். ஒரு வேலையில் நான் ஐந்து மாதம் நீடித்ததற்கு வேறு காரணம் கிடையாது.

இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தில் நான் விட்டேன். கல்லூரி என்னை விட்டது என்பது இன்னும் சரி. பதினோரு அரியர். திசையன்விளையில் இருக்கும் அம்மாவுக்கு இது தெரியாது. மகன் பெரிய கம்பெனியில் கன்ட்ரோல் இன்ஜினியர் என்று சொல்லி எனக்குப் பெண்ணும் பேசி முடித்துவிட்டாள். நான் கன்ட்ரோல் செய்தது ஒரு கீபோர்டை. அதில் ஒரு குச்சி இருக்கும். குச்சியைச் சாய்த்தால் கேமரா திரும்பும், முறுக்கினால் கிட்டே வரும். கேமரா எண்ணையும் நிலை எண்ணையும் அடித்தால் தானாகவே போய் அந்த இடத்தைப் பார்க்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கலாம். எனக்கு இரண்டு நாள் ஆனது.

பெயின்ட் அடித்த பாகங்களைச் சுடும் அடுப்பு ஓர் அறை அளவு இருக்கும். உள்ளே விழுந்த கொக்கிகளைப் பொறுக்கப் போகிறவன் பேனல் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. சாவியைக் கழற்றினால் பேனல் அணைந்துவிடும், மறுபடி தயாராகப் பத்து நிமிடம் போகும். அதனால் யாரும் கழற்றுவதில்லை. பேனல் அடுப்பின் பின்பக்கம் இருப்பதால் அங்கிருந்து வாசல் தெரியாது. ரத்தினம் வாக்கிடாக்கியில் என்னைக் கேட்பார். நான் பதினான்காம் கேமராவை மூன்றாம் நிலைக்குக் கொண்டுவந்து, உள்ளே பார்த்து, "காலி" என்பேன். அவர் பொத்தானை அழுத்துவார், கதவு இறங்கிப் பூட்டு விழும், அடுப்பு எரியத் தொடங்கும். ஒரு நாளைக்கு இருபது முறை.

இசக்கிபாண்டி எனக்குப் பக்கத்து ஊர். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் மண்ணூரில் ஒரே அறையில் இருந்தோம். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தான்.

"ஏல இஞ்சினியரு, ஒங்கம்ம கேட்டா என்னத்தல சொல்ல?" என்றான் அன்று காலை.

"நல்லாருக்கான்னு சொல்லு."

"அத சொல்லாம இருப்பனா? மவன் குத்தவச்சு டிவி பாத்தே சம்பளம் வாங்குதாம்னும் சொல்லுவேன். பொண்ணு வீட்டுக்காரங்களும் எங்க தெருதான, அவங்களுக்கும் தெரியட்டும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை. விளையாட்டாகத்தான் சொன்னான், விளையாட்டாகவே போய்ச் சொல்லியும் இருப்பான்.

மாலை ஐந்தே காலுக்கு ரத்தினம் கூப்பிட்டார். "இன்னாபா கேமரா, உள்ள ஆளு கீதா?"

திரையில், வலது மூலையில் இசக்கி குனிந்து கொக்கி பொறுக்கிக்கொண்டிருந்தான். குச்சியை இடது பக்கம் ஒரு விரலால் கொஞ்சம் சாய்த்தேன். அவன் திரைக்கு வெளியே போனான்.

"காலிண்ணே."

"நல்லா பாத்துக்கினு சொல்லு."

"ஸ்கிரீன்ல ஒருத்தரும் இல்லண்ணே."

அது உண்மை. நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் நான் "காலி" சொன்ன நேரத்திலிருந்து ரெக்கார்டிங்கைப் போட்டார்கள். காலியான அடுப்பு தெரிந்ததும் நிறுத்தி, அதைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டினார்கள். சாவி பேனலிலேயே இருக்கும்போது பொத்தானை அழுத்தினார் என்று ரத்தினத்தை உள்ளே வைத்தீர்கள். அறிக்கையில் எனக்கு ஒரே ஒரு வரி: "கேமரா பையன் முறைப்படி பார்த்துச் சொன்னான்." என்னைச் சந்தேகப்படக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை சார். எதற்கும் லாயக்கில்லாதவன் இதற்கு மட்டும் லாயக்காவானா என்று நினைத்திருப்பீர்கள். அது சரியான மரியாதை இல்லை. அதனால்தான் வந்தேன்.

அவனைக் கொஞ்சம் பயமுறுத்தத்தான் நினைத்தேன். நம்புங்கள். ரெக்கார்டிங்கை நிறுத்திய இடத்திலிருந்து பதினொரு விநாடி ஓடவிடுங்கள். கேமராவை மறுபடி மூன்றாம் நிலைக்கே கொண்டுவந்துவிட்டேன். கதவு பாதிதான் இறங்கியிருக்கும். மெதுவாக இறங்கும் கதவு அது. இசக்கி நிமிர்ந்து பார்க்கிறான். கதவை நோக்கி ஓடவில்லை. கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான், சிரித்துக்கொண்டே. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும், நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று நின்றான். வாக்கிடாக்கி என் இடது கையில்தான் இருந்தது, கட்டைவிரல் பொத்தான் மேல். முகம் சரியாகத் தெரியட்டும் என்று வலது கையால் குச்சியை முறுக்கிக் கிட்டே கொண்டுவந்தேன். கதவு தரையைத் தொட்டது. பூட்டு விழுந்தது.