இரண்டு அடித் தண்ணீர்

ரேணுகாதேவி: கசியுதுன்னு மட்டும் எழுதாதீங்க தம்பி. அவுக இருபத்தியோரு வருசம் ஆபரேட்டரா இருந்து பாத்த டேங்க்கு. ஒரு நா ஒழுகுனதில்ல.

சௌந்தர்: நான் சொல்லலக்கா, மெஷின் சொல்லுது. போன ஆடியில உங்க வீட்டுக்காரரு இருந்தப்பத்தானே உள்ள சென்சார் மாட்டுனோம். தண்ணி எத்தன அடி நிக்குதுன்னு அது பாட்டுக்கு எங்க அருப்புக்கோட்டை ஆபீசுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கு.

ரேணுகாதேவி: தெரியும். அவுகதேன் ஏணி பிடிச்சாக. ‘டேங்க்குக்கு வாய் வந்துருச்சு, இனி எம்மேல கோள் சொல்லும்’னு வீட்டுல வந்து சிரிச்சாக.

சௌந்தர்: சொல்லத்தான் செய்யுது. இந்தா, தண்ணி ஏறி எறங்குற இந்தக் கோட்டப் பாருங்க. போன்ல சின்னதாத் தெரியும், நான் சொல்றேன்...

ரேணுகாதேவி: குடுங்க இங்க. எனக்குப் படிக்கத் தெரியும்.

சௌந்தர்: சரி, நீங்களே பாருங்க.

ரேணுகாதேவி: அவுக போயி ஆறு மாசம் ஆகப்போகுது. இப்ப எதுக்கு இந்த விசாரணை? மொக்கையந்தேன் ஆபரேட்டரு இப்ப. அவன்கிட்டல்ல கேக்கணும்?

சௌந்தர்: கேட்டேன். ‘அக்காகிட்டக் கேளுங்க’ன்னு சொல்லிட்டு ஆட்டப் பத்திக்கிட்டுப் போயிட்டாரு.

ரேணுகாதேவி: கிறுக்குப்பய.

சௌந்தர்: இது விசாரணை இல்லக்கா. இருபது வருசத்துக்குப் பிளான் போடுறோம். இந்தப் பக்கம் நாப்பத்திரெண்டு டேங்க். மொதல்ல எல்லாத்துக்கும் சென்சார். அப்புறம் மோட்டார் வால்வு. கடைசியில அருப்புக்கோட்டையில ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு நரிக்குடிப் பக்கத்து வால்வத் தொறக்கலாம், மூடலாம்.

ரேணுகாதேவி: இருபது வருசமா... அப்ப இந்த ஊருல ஆளு இருப்பாகளான்னும் போட்டிருக்கீகளா?

சௌந்தர்: இருப்பாங்கன்னுதான் போட்டிருக்கோம்.

ரேணுகாதேவி: அது போதும். மேல சொல்லுங்க.

சௌந்தர்: ரெண்டு விசயம் இடிக்குது. சப்ளை முடிஞ்சாலும் டேங்க்குல ரெண்டடி நிக்குது. எப்பவும் நிக்குது. ஆறாயிரம் லிட்டரு. எங்க பெரிய எஞ்சினியரு அதுல வட்டம் போட்டு ‘வீண்’னு எழுதிட்டாரு. நாளைக்கு விருதுநகர்ல மீட்டிங். அங்க அந்த ரெண்டடியையும் வெளிய விடணும்னு முடிவாச்சுன்னா, மோட்டார் வால்வு அப்படித்தான் ஓடும். அப்புறம் யாரு நெனச்சாலும் நிப்பாட்ட முடியாது.

ரேணுகாதேவி: ...நாளைக்கேவா?

சௌந்தர்: நாளைக்கே. இன்னொண்ணு, சப்ளை இல்லாத நாள்ல அந்த ரெண்டடி திடீர்னு எறங்குது. ஒரு மணி நேரம் எறங்கும், அப்புறம் நின்னுக்கும். அதத்தான் கசிவுன்னு...

ரேணுகாதேவி: தேதியச் சொல்லுங்க.

சௌந்தர்: எல்லாத்தையுமா?

ரேணுகாதேவி: சொல்லுங்க தம்பி.

சௌந்தர்: ஆகஸ்டு இருபத்தாறு. மத்தியானம்.

ரேணுகாதேவி: ஆவணி பத்து. கீழத்தெரு சந்தனம்மாள் மதினி. படுக்கையில கெடந்து போனாக.

சௌந்தர்: நவம்பர் நாலு. காலையில எட்டு மணி.

ரேணுகாதேவி: தீவாளி கழிஞ்சு நாலாம் நாளு. இருளப்பசாமி சித்தப்பா. உழுதுட்டு வந்து உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு.

சௌந்தர்: ...இது எல்லாமே சாவா?

ரேணுகாதேவி: துட்டி வீட்டுத் தண்ணி தம்பி. எங்களுக்கு மூணு நாளைக்கு ஒருக்கத்தேன் கொழாயில வருது. சாவு அந்த நாளாப் பாத்தா வரும்? குளிப்பாட்டணும். வந்த சனம் கை கால் கழுவணும். காட்டுக்குப் போயித் திரும்புனவுக தலை முழுகணும். எழவு விழுந்த வீட்டுக்காரவுக கொடத்தத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி நிப்பாகளா?

சௌந்தர்: அதுக்காகவா ரெண்டடி?

ரேணுகாதேவி: வேலைக்குச் சேந்த மொத வருசமே அவுக பண்ணுன ஏற்பாடு. அந்தத் தெரு வால்வ மட்டும் ஏழு சுத்து. ஒரு மணி நேரம். மூடிருவாக. வெளிய சொன்னதில்ல. சொன்னா காதுகுத்துக்கும் கேப்பாக, சடங்குக்கும் கேப்பாகல்ல.

சௌந்தர்: யாரும் கேக்கலையா?

ரேணுகாதேவி: கேக்காம? அவுக கூடப்பொறந்த தங்கச்சியே மகன் காதுகுத்துக்குக் கேட்டுச்சு. குடுக்கல. அது ரெண்டு வருசம் என்கூடப் பேசல. தண்ணி குடுக்காதது அவுக, கோவம் எம்மேல.

சௌந்தர்: சிரிக்காதீங்கக்கா, எனக்கும் சிரிப்பு வருது. ஆனா எங்க பெரியவரு விடமாட்டாரு. ‘சாவு எப்பவாச்சும் வருது, அதுக்கு வருசம் பூரா ஆறாயிரம் லிட்டரப் பிடிச்சு வைக்கணுமா? உசுரோட இருக்கவங்களுக்கு விட்டா என்ன?’ன்னு கேப்பாரு.

ரேணுகாதேவி: விட்டா வீட்டுக்கு ரெண்டு கொடம் கூட வரும். அத வச்சு எந்த வீட்டுலயும் பெருசா ஒண்ணும் நடந்துறாது. ஆனா துட்டி வீட்டுல தண்ணி இல்லேன்னா, அந்த ஒரு நாளு, ஊருக்கே தலைகுனிவு.

சௌந்தர்: ‘அப்ப ஒரு லாரித் தண்ணி சொல்லிக்கட்டும்’னு சொல்லுவாரு.

ரேணுகாதேவி: எங்க ஊரு ரோட்டுல லாரி எப்ப வந்து சேரும்னு அவரை ஒருக்க வந்து பாக்கச் சொல்லுங்க. பிணத்தப் போட்டுக்கிட்டு லாரிச் சத்தத்துக்குக் காத வச்சுக்கிட்டு இருக்கணுமா? இருபத்தியோரு வருசமா இந்த ஊருல ஒரு வீடு அப்படி இருந்ததில்ல தம்பி. டவுனுல கூட அப்படிச் சொல்ல முடியாது. நாங்க சொல்லுவோம்.

சௌந்தர்: இருங்க இருங்க... அத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க. எழுதிக்கிறேன்.

ரேணுகாதேவி: எதுக்கு?

சௌந்தர்: சும்மாதான். ...இன்னும் மூணு தேதி இருக்கு. மே பத்தொம்போது, ஜூன் முப்பது. இந்த ரெண்டும் அவருக்கு அப்புறம்.

ரேணுகாதேவி: ஆமா. அதுவும் ரெண்டு சாவு. மொக்கையன் தொறந்திருப்பான்.

சௌந்தர்: ஜூன் முப்பதா?

ரேணுகாதேவி: ஆபரேட்டர் அவந்தானே. வேற ஆளு தொட்டா கேசுன்னு டேங்க்குலயே எழுதிப் போட்டிருக்கீகளே.

சௌந்தர்: அன்னைக்கு மொக்கையன் அண்ணன் அருப்புக்கோட்டையில எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. ஆபரேட்டருகளுக்கு டிரெய்னிங்.

ரேணுகாதேவி: ...காலையில தொறந்துட்டு வந்திருப்பான்.

சௌந்தர்: கோடு எறங்குனது மத்தியானம் ரெண்டு மணிக்கு.

ரேணுகாதேவி: அவன் டிரெய்னிங்குல தூங்கியிருப்பானே. நல்லாப் பாத்தீகளா, அவந்தானா?

சௌந்தர்: தூங்கத்தான் செஞ்சாரு. ஆனா அவருதான்.

ரேணுகாதேவி: மோர் குடிக்கிறீகளா தம்பி? வெயிலு ஏறிருச்சு.

சௌந்தர்: குடிக்கிறேன். கடைசித் தேதிய மட்டும் கேட்டுட்டு. ...பிப்ரவரி இருபத்தஞ்சு. சிவராத்திரிக்கு மொத நாள்க்கா. அன்னைக்கு ஒரு மணி நேரத்தோட நிக்கல. டேங்க் தரை தட்டியிருக்கு. இந்த ஒரு வருசத்துல அன்னைக்கு மட்டுந்தான்.

ரேணுகாதேவி: அது அவுக போன அன்னைக்கு.

சௌந்தர்: தெரியும்.

ரேணுகாதேவி: தெரிஞ்சுக்கிட்டா கேக்குறீக? ...அவுகளுக்கு வந்த கூட்டம் உங்களுக்குத் தெரியாது. திருச்சுழியில இருந்து வந்த பத்து மணி பஸ்ஸு முழுக்க டேங்க் ஆபரேட்டருகதேன். நரிக்குடிப் பக்கமிருந்து இன்பராஜுன்னு ஒருத்தரு, வால்வு சாவியத் தோள்ல போட்டபடியே எறங்குனாரு. வேலையப் போட்டது போட்டபடி வந்திருக்காரு. எங்க சாதிசனத்த விட அவுக சனந்தேன் அதிகம். அத்தன பேரும் குளிச்சிட்டுத்தேன் போனாக. ஒரு சொட்டு வீணாப் போகல.

சௌந்தர்: வீணுன்னு நான் சொல்லல. தொறந்தது யாரு?

ரேணுகாதேவி: அத்தன ஆபரேட்டரு இருந்தாகல்ல, யாராச்சும் ஒருத்தரு...

சௌந்தர்: அவங்க வந்தது பத்து மணிக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. கோடு எறங்க ஆரம்பிச்சது காலையில அஞ்சே காலுக்கு. பந்தல்குடி முக்குல அவரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னும் கிழியாம இருக்குக்கா. காலை ஆறு மணின்னு போட்டிருக்கு. மொக்கையன் அண்ணனும் ஆறு மணிக்கு உங்க சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்னாரு. ஊருக்கே தெரியாத சாவு, முக்கா மணி நேரத்துக்கு முன்னாடி டேங்க்குக்கு எப்படித் தெரிஞ்சது?

ரேணுகாதேவி: உங்க மெஷினு கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்.

சௌந்தர்: ஓடாதுக்கா.

ரேணுகாதேவி: மொக்கையனுக்கு வேலை போயிருமா?

சௌந்தர்: யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நானும் உங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். அந்த ‘வீண்’ங்கிற வட்டத்தப் போன வாரமே நான் எடுத்துட்டேன். நாப்பத்திரெண்டு டேங்க்குக்கும் ரெண்டடி நிக்கணும்னு பிளான்ல எழுதியாச்சு. எங்கப்பா சௌடையா, அருப்புக்கோட்டையில தறிக்காரரு. அவரு செத்தன்னைக்கு லாரி வர சாயங்காலம் ஆயிருச்சு. அதுவரைக்கும் குளிப்பாட்டாம வச்சிருந்தோம். இந்தக் கோட்டப் பாத்ததும் பாதி புரிஞ்சிருச்சு. மீதிக்கு, நாளைக்குப் பெரியவரு கேக்குறதுக்கெல்லாம் பதில் வேணும்னுதான் அவரு மாதிரியே உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். பிளான்ல ஒரு எடம் மட்டும் காலியாக் கெடக்குது. சாவு விழுந்தா கண்ட்ரோல் ரூமுக்குத் தெரியாது. ஊருல இருந்து ஒரு ஆளு சொல்லணும், சொன்னதும் வால்வு தொறக்கணும். டேங்க்குக்கு ஒரு பேரு. இந்த டேங்க்குக்கு, அன்னைக்கு அஞ்சே காலுக்குத் தொறந்தவங்க பேரத்தான் எழுதணும்னு வந்தேன். யாருக்கா அது?

ரேணுகாதேவி: ரேணுகாதேவின்னு எழுதுங்க. மாரீஸ்வரன் சம்சாரம்னு சேத்து எழுதுங்க. பெறகு வந்த ரெண்டுக்கும் நாந்தேன், மொக்கையன வையாதீக. அவுகளுக்கு மூச்சு நின்னப்ப அஞ்சு மணி. நான் சத்தம் போட்டா சனம் கூடிரும். கூடிட்டா என்னைய அந்த எடத்த விட்டு எந்திரிக்க விடமாட்டாக. அவுகளுக்குத் தண்ணிக்கு யாரு தொறப்பா? போத்திவிட்டுட்டு, சாவிய எடுத்துக்கிட்டுப் போனேன். திரும்ப வந்து மூடத்தேன் வழியில்லாமப் போச்சு, அதேன் தரை தட்டுனது. ஆனா அன்னைக்குத் தெருக் கொழாயில தண்ணி விழுகுறத நின்னு பாத்தேன் தம்பி. வீட்டுக்கு வந்து, ஈரக்கையத் தொடச்சிட்டு, அதுக்குப் பெறகுதேன் அழுதேன்.