பன்னிரண்டாவது மீன்

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இதில் ஒரு சொல் கூடவோ குறையவோ இருந்தால், நாம் குந்தியிருக்கும் இந்த மீன்குடிலில், ஏரிப் பனியில் நாமே போட்ட இந்தத் துளைக்குள், கால்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானே இறங்கிக்கொள்கிறேன். இது லாய்டின் மைத்துனன் வெண்டெலுக்கு நேர்ந்தது. லாய்ட் பொய் சொல்ல மாட்டான். அதற்கு வேண்டிய மூளை அவனிடம் இல்லை.

பிப்ரவரி மாதம். இரவு ஒன்று நாற்பது. ஒன்பதாம் எண் சாலையில் முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிற பனி. வெண்டெல் தன் பிக்கப் வண்டியை நத்தைபோல உருட்டிக்கொண்டு போனான். டயருக்கடியில் நொறுக்... நொறுக்...

அவனைப் படுக்கையிலிருந்து கிளப்பியது கைப்பேசியில் வந்த ஒரு வரி. நம் மாவட்டத்துக் கவுண்டி அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. ஏதாவது மக்கர் பண்ணினால் மேற்பார்வை மென்பொருள் தானாகவே அவனுக்குச் செய்தி அனுப்பிவிடும். அன்று வந்தது இது: பன்னிரண்டாவது இயந்திரம் உதவி கேட்கிறது.

அவனிடம் இருந்தவை பதினொன்று.

அந்தப் பதினொன்றும் தொட்டுப் பார்க்கக்கூடியவை அல்ல. அலுவலக நிலவறையில் நிற்பவை மூன்றே மூன்று இரும்புப் பெட்டிகள். அவற்றுக்குள் பதினொரு கணினிகள் இருப்பதாகப் பாவித்து ஒரு மென்பொருள் ஓட்டுகிறது. ஒரு பெட்டியை நிறுத்த வேண்டுமா? உள்ளே ஓடுகிற கணினியை, ஓட்டம் நிற்காமல், அதற்கே தெரியாமல், அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடலாம். கூடுவிட்டுக் கூடு பாய்வது என்பார்களே, அதுதான். வேறொன்றுமில்லை.

பதினொன்றுக்கும் ஏரி மீன்களின் பெயரை வைத்தவன் ஆர்விட் கங்காஸ். வெண்டெலோடு பதினெட்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவன். வரி வசூலுக்கு வால்-ஐ, நிலப்பதிவுக்கு பெர்ச், இப்படி.

“ஈல்பவுட்னு எதுக்கும் வைக்கலையா?” என்று வாசல் மேசைக்காரி மார்லிஸ் சீண்டினாள். ஈல்பவுட்டைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வழவழவென்று விலாங்குபோலக் கையைச் சுற்றிக்கொள்ளும். அருவருத்துப் பனிமேல் எறிந்துவிட்டுப் போவோம்.

“அது எனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் மார்லிஸ். தூக்கி எறியற அன்னிக்கு வேணும்ல” என்றான் ஆர்விட்.

பதினொன்றையும் ஓட்டுகிற அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்த கதைதான் எல்லாவற்றுக்கும் வேர். போட்டியில் மூன்று இருந்தன. ஆர்விட் ஒரு குளிர்காலம் முழுக்க மூன்றையும் பழைய பெட்டிகளில் ஓட்டிப் பார்த்து, மதிப்பெண் தாள் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டான். முதலிடம் காசில்லாமல் கிடைக்கிற ஒன்றுக்கு. மேற்பார்வைக் கருவிகள் கொஞ்சம் கரடுமுரடு, பழகிக்கொள்ளலாம், மிச்சமாகும் பணத்தில் அலுவலகத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கலாம் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தான். “கரண்டு போற ஊர்ல அழகான திரைய வச்சு என்னப்பா பண்றது, மூஞ்சி பாக்கவா?” என்று வாயாலும் சொன்னான்.

வெண்டெலோ அதற்கு முந்தைய வாரம்தான், மூன்றிலும் விலை கூடியதை விற்கிறவனின் ஏரிக்கரை வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்திருந்தான். பொரித்த மீன், வெந்நீர்த் தொட்டி, நல்ல விஸ்கி. யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கேவலம். கேட்காமலே செய்தான். தாளில் மேற்பார்வைக் கருவிகளுக்கு நூற்றுக்குப் பதினைந்து என்றிருந்த பங்கை நாற்பது ஆக்கினான். ஓரக் குறிப்பை எடுத்தான். முதலிடம் அந்த விலை கூடியதற்குக் கைமாறியது. ஆர்விட்டின் கையெழுத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டான். பழைய தாளை அழித்தான்.

இரண்டு வருடம் கழித்து, அந்தக் கம்பெனி உரிமக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது. கவுண்டியை நடத்துகிற கமிஷனர்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து, இந்த மதிப்பெண்ணைப் போட்டது யார் என்று கேட்டார்கள். வெண்டெல் வாயைத் திறக்கவில்லை. மேசையைப் பார்த்தான். மேசைமேல் தாள். தாளின் அடியில் ஆர்விட்டின் கையெழுத்து.

ஆர்விட் வாதாடுகிற ரகமில்லை. தாளை வெகுநேரம் பார்த்தான். அப்புறம் வெண்டெலைப் பார்த்தான். மூக்குப்பொடி மாதிரி உதட்டுக்குள் வைக்கிற புதினாப் புகையிலை அவன் பழக்கம். டப்பாவைத் திறக்குமுன் மூடியை விரலால் மூன்று தட்டு தட்டுவான். அன்றும் தட்டினான். டக்... டக்... டக். வாசல்வரை போய்த் திரும்பினான்.

“அழிச்சது அழியாது வெண்டெல். பக்கத்துப் பெட்டிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.”

ஆர்விட்டின் வேலை போனது. அதே குளிர்காலத்தில், தன் மீன்குடிலில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தான். மார்படைப்பு. கையில் தூண்டில் நூல் விறைப்பாக இருந்தது. இழுத்துப் பார்த்தார்கள்... மறுமுனையில் உயிரோடு ஒரு ஈல்பவுட்.

காபிக் கடையில் அவனுக்குக் ‘கவுண்டிக் காசைக் கொளுத்தினவன்’ என்ற பெயர் செத்த பிறகும் போகவில்லை. அவன் மனைவி ஹெல்மி அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ஆனால் வருடாவருடம் போல அந்தக் கிறிஸ்துமசுக்கும் வெண்டெலுக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை பின்னி எடுத்து வந்தாள். “உன்னப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல அவரு” என்று சொல்லிக் கையில் வைத்துவிட்டுப் போனாள். வெண்டெலால் அதைப் போட்டுக்கொள்ளவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பிக்கப்பின் பக்கத்து இருக்கையில் ஒரு வருடமாகக் கிடந்தது. அன்றிரவும் அவனோடு சவாரி வந்துகொண்டிருந்தது.

ஊருக்குள் நுழைந்தபோது ஒரு விளக்கில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஊர்தான் விழித்திருக்கும்? நிலவறைப் படிக்கட்டு விளக்கும் எரியவில்லை. அது எரிந்த நாளே குறைவு. கைப்பேசி வெளிச்சத்தில் இறங்கினான். பாதிப் படியில் வாடை அடித்தது. ஏரித் தண்ணீர்... அதற்குள் புதினாப் புகையிலை.

கீழே மேற்பார்வைத் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பதினொரு மீன்கள் வரிசையாக. அவற்றுக்கடியில் ஒரு வரி கூடுதல்.

ஈல்பவுட். நினைவகம், பூஜ்யம். வட்டு, பூஜ்யம். நிலை, ஓடிக்கொண்டிருக்கிறது. இடம், முதல் பெட்டி.

அழித்தான். வரி மறைந்தது. மூச்சு விட்டான்... இரண்டாவது பெட்டிக்குள்ளிருந்து டக்... டக்... டக். திரையில் மறுபடியும் ஈல்பவுட். இடம், இரண்டாவது பெட்டி.

அழித்தான். மூன்றாவது பெட்டி. டக்... டக்... டக்.

அதையும் அழித்தான். இனிப் போக வேறு பெட்டி கிடையாது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வரி மெல்லத் திரும்பி வந்தது. இடம் என்ற கட்டம் மட்டும் காலி. எங்கிருந்தோ, மிக அருகில்... டக்... டக்... டக். பெட்டிகளில் காதை வைத்துப் பார்த்தான். அங்கே இல்லை. குனிந்து பார்த்தான்.

மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது அவனுடைய விரல்.

நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

அப்போதுதான் அந்த ஈல்பவுட்டைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு கோப்பு. ஆர்விட்டின் மதிப்பெண் தாள். பதினைந்து, பதினைந்தாகவே இருந்தது. ஓரத்தில் ஜெனரேட்டர் குறிப்பும் இருந்தது. வெண்டெல் அதை ஐந்து கமிஷனர்களுக்கும் ஹெல்மிக்கும் சேர்த்து அனுப்ப ஒரு மெயிலைத் திறந்தான். இரண்டே வரி எழுதினான். ‘தாளைத் திருத்தியது நான். கையெழுத்துதான் அவனுடையது.’

அனுப்பினான். மணி இரண்டு பதினேழு. விரல் நின்றது.

வெளியே வந்து பிக்கப்பில் ஏறி, குளிர் தாங்காமல் அந்தக் கையுறையை எடுத்து மாட்டினான். வண்டிக்குள் மூச்சே உறைகிற குளிர். கையுறை மட்டும் உள்ளே கதகதவென்று இருந்தது... யாரோ அப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி.

காலையில் மெயில் ஆறு பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கமிஷனர்கள் அதை ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்து, ஆர்விட்மேல் தப்பில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். வெண்டெல் வேலையை விட்டான். இப்போது தூண்டில் புழு விற்கிறான், நீங்கள் வாங்கியிருப்பீர்கள். ஹெல்மி காபிக் கடைக்குப் போகிறாள், ஜன்னலோர மேசையில் உட்காருகிறாள். அந்த மெயிலை அவள் அச்சடித்து வைத்திருக்கிறாள். நானே பார்த்தேன். மேலே நேரம் போட்டிருக்கிறது, இரண்டு பதினேழு.

மெயில் போன அந்த ராத்திரி பனிமழையில் மின்கம்பி அறுந்து, எட்டரையிலிருந்து காலை ஏழுவரை ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. அலுவலகத்துக்கு ஜெனரேட்டர்தான் அவர்கள் வாங்கவேயில்லையே.